கேள்வி–பதில்: வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சரிபார்ப்பது யார்?

வாக்குப்பதிவு இயந்திரத்தை நம்பலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்ததற்குச் சென்ற மாதம் நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதாது என்று பலர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது சரியே. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: இயந்திரத்தைத் தயாரிப்பவை அரசு நிறுவனங்கள். அதற்குப் பணம் கொடுப்பதும் அரசு. பழுது பார்க்க வருகிறவர்களும் அதே நிறுவனங்களின் பொறியாளர்கள். அப்படியானால், தேர்தலில் போட்டியிடும் ஆளுங்கட்சியே இயந்திரத்தையும் கண்காணிக்கிறது என்றுதானே பொருள்?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. இந்தியாவில் இந்த இயந்திரங்களை இரண்டே நிறுவனங்கள் தயாரிக்கின்றன. பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழும், ஹைதராபாதிலுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா அணுசக்தித் துறையின் கீழும் உள்ளன. இயந்திரங்கள் உரிய தரத்தில் இருக்கின்றன என்று சான்று தரும் அமைப்பும் மத்திய மின்னணு அமைச்சகத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே இருந்து முடிவு செய்வது அரசன்று; அரசியலமைப்பின் 324-ஆம் பிரிவின்படி அமைந்த தேர்தல் ஆணையமே. தொழில்நுட்ப முடிவுகளில் ஆணையத்துக்கு ஆலோசனை கூறுவதற்கு வல்லுநர் குழு ஒன்று உண்டு. 1990-இல் பேராசிரியர் எஸ். சம்பத் தலைமையில் அமைந்த குழுவிலும் அதற்குப் பின் வந்த குழுவிலும் சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் இயக்குநர் பி.வி. இந்திரேசன் முக்கியப் பங்கு வகித்தார்.

ஆகவே, ஆணையம் எந்த அளவுக்குச் சுதந்திரமாக இருக்கிறதோ அந்த அளவுக்கே இந்தக் கண்காணிப்பும் சுதந்திரமானதாக இருக்கும். ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகியோருடன் இந்தியத் தலைமை நீதிபதியும் இருக்க வேண்டும் என்று, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரைக்குமான ஏற்பாடாக, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் மத்திய அமைச்சர் ஒருவரை அமர்த்தியது. மூவரில் இருவர் ஆளுந்தரப்பினர் என்றாகிவிட்டது. இயந்திரத்தின் உள்ளே இருக்கும் சில்லைப் பற்றி நாம் கவலைப்படும் அளவில் கால்பங்காவது இந்த மாற்றத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் பின்னால் வந்து சேர்ந்த ஒரு பழைய நிகழ்வையும் இங்கே நினைவுபடுத்துகிறேன். 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. 123 வாக்குகள் வித்தியாசத்தில் சிவன் பிள்ளை வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடுத்தார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இயந்திரத்துக்கு இடம் தராத நிலையில் ஆணையம் தன் விருப்பப்படி அதைப் புகுத்த முடியாது என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த 50 சாவடிகளிலும் வாக்குச்சீட்டு முறையில் மறுவாக்குப்பதிவு நடந்து, ஜோஸ் வெற்றி பெற்றார். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சட்டத்தில் இடமில்லை என்ற ஒரே காரணத்தால் அந்த வாக்குப்பதிவு செல்லாமற்போனது. இயந்திரத்துக்கு இடம் தரும் 61ஏ பிரிவை அந்தச் சட்டத்தில் சேர்க்கும் திருத்தம் 1988 டிசம்பரில் நிறைவேறியது.

கேள்வி: முதன்முறையாக வாக்களித்தபோது கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீட்டு தெரிந்து மறைந்தது. நான் அழுத்திய சின்னத்துக்குப் பதிலாக வேறு சின்னம் தெரிந்திருந்தால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தச் சீட்டை யாராவது எண்ணுகிறார்களா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: நீங்கள் பார்த்தது விவிபேட் என்னும் ஒப்புகைச் சீட்டு. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் ஆகிய மூன்றும் அதில் அச்சாகி, ஏழு விநாடிகள் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்து, பிறகு துண்டிக்கப்பட்டு, பூட்டிய பெட்டிக்குள் விழும். 2010-இல் கட்சிகள் இதைக் கேட்டன. 2011-இல் லடாக், ஜெய்சால்மர், சிரபுஞ்சி, திருவனந்தபுரம், கிழக்கு டெல்லி என்று குளிர், வெயில், மழை எல்லாம் உள்ள ஐந்து இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்டது. நேர்மையான தேர்தலுக்குத் தாள் சான்று இன்றியமையாதது என்று அதற்கடுத்த மாதம் உச்ச நீதிமன்றம், சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் கூறியது.

சின்னம் மாறித் தெரிந்தால் அங்கேயே வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து சொல்வதால் பயனில்லை. அவர் உங்களிடம் எழுத்துமூலம் உறுதிமொழி வாங்குவார். பிறகு முகவர்கள் முன்னிலையில் நீங்கள் ஒரு சோதனை வாக்கை அளிக்க வேண்டும். அப்போதும் தவறாக அச்சானால் வாக்குப்பதிவு நிறுத்தப்படும். சரியாக அச்சானால் உங்கள் புகார் பொய் என்று கருதப்படும்; பொய்த் தகவல் தந்த குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

இந்த விதியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. வேண்டுமென்றே குழப்பம் விளைவிக்க வருபவர்களைத் தடுக்க வேண்டும்தான். ஆனாலும் முதல்முறை தவறிய ஒரு கருவி இரண்டாம்முறையும் அதே தவறைச் செய்தே தீரும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. சிறைத்தண்டனை உண்டு என்று கேட்ட பிறகு உங்கள் வயதுப் பெண் எவரும் வாய் திறப்பாரா? நல்லெண்ணத்தோடு செய்த புகார் தவறாகிப்போனால் தண்டனை இல்லை என்று விதியைத் திருத்தியே ஆக வேண்டும்.

சீட்டை எண்ணுகிறார்களா என்ற உங்கள் இரண்டாம் கேள்விக்கு அடுத்த பதில் முழுவதும் போகிறது.

கேள்வி: ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை மட்டும் எண்ணினால் போதும் என்பது எந்தக் கணக்கு? எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை நீதிமன்றம் ஏன் ஏற்கவில்லை?
– புள்ளியியல் ஆசிரியர், ராஜபாளையம்

பதில்: வந்த கடிதங்களில் நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. எப்படி எண்ணுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இயந்திர வாக்குகளின் கடைசிச் சுற்று முடிந்ததும், அஞ்சலட்டை அளவுள்ள வெள்ளைத் தாள் அட்டைகளில் ஒவ்வொரு சாவடியின் எண்ணையும் அச்சிட்டு, எண் வெளியே தெரியாதபடி நான்காக மடித்து, ஒரு பாத்திரத்தில் இட்டுக் குலுக்கி, வேட்பாளர்கள் முன்னிலையில் ஐந்தை எடுப்பார்கள். அந்த ஐந்து சாவடிகளின் சீட்டுகளைக் கம்பிவலை அடித்த தனிக் கூண்டுக்குள் வைத்து ஒவ்வொன்றாக எண்ணி, இயந்திரம் காட்டிய எண்ணோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் வேறுபட்டால் அந்தச் சாவடிக்குச் சீட்டின் எண்ணிக்கையே இறுதியானது. இயந்திரத்தைவிடத் தாளுக்கு மதிப்பு அதிகம் என்று நம் விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பது இதன் பொருள்.

முதலில் ஒரு சாவடியை மட்டுமே எண்ணி வந்தார்கள். பாதிச் சாவடிகளையாவது எண்ண வேண்டும் என்று 21 எதிர்க்கட்சிகளின் தலைவர்கள் தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒன்றை ஐந்தாக உயர்த்தியது. நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்களைச் சோதித்தாலே போதும் என்று இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சார்ந்த வல்லுநர்கள் ஆணையத்துக்கு அறிக்கை அளித்திருந்தார்கள். நாட்டின் அத்தனை இயந்திரங்களையும் ஒரே குவியலாகப் பாவித்து, அதில் நூற்றுக்கு இரண்டு பழுதாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்ற கணக்கு அது. கணிதத்தில் பிழை இல்லை. ஆனால் தேர்தல் முடிவு நாடு முழுவதற்கும் ஒன்றாக வருவதில்லையே. ஒவ்வொரு தொகுதியும் தனித்தனித் தேர்தல். ஒரு தொகுதியின் முடிவைச் சரிபார்க்க அந்தத் தொகுதியின் சாவடிகளைத்தான் குவியலாகக் கொள்ள வேண்டும்.

கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். 300 சாவடிகள் உள்ள தொகுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாவடியில் நூறு வாக்குகளுக்குமேல் இடம் மாற்றினால் முகவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும் என்றும் கொள்வோம். வெற்றி வித்தியாசம் 50,000 என்றால், முடிவை மாற்றுவதற்கு ஏறத்தாழ 25,000 வாக்குகளை இடம் மாற்ற வேண்டும். அதற்கு 250 சாவடிகளில் கைவைத்தாக வேண்டும். அந்நிலையில் குலுக்கி எடுத்த ஐந்தில் ஒன்றுகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒன்றுதான். இங்கே ஐந்து சாவடிகள் போதும். உண்மையில் தேவைக்கு அதிகம்.

வித்தியாசம் 2,000 வாக்குகள் என்றால், முடிவை மாற்ற 11 சாவடிகளில் கைவைத்தாலே போதும். அவற்றில் ஒன்றேனும் குலுக்கலில் வரும் வாய்ப்பு ஆறில் ஒன்றைச் சற்றே தாண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்ற உறுதி வேண்டுமானால் 70 சாவடிகளுக்குச் சற்று மேலே எண்ண வேண்டியிருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137 வாக்குகள். 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்கில் 48 வாக்குகள். இப்படிப்பட்ட தொகுதிகளில் ஒரே ஒரு சாவடியின் பிழை முடிவை மாற்றிவிடும். 300 சாவடிகளில் அந்த ஒன்று குலுக்கலில் வருவதற்கான வாய்ப்பு அறுபதில் ஒன்று.

தவறு நடந்தது என்று நான் இதனால் சொல்ல வரவில்லை. 2024 ஏப்ரல் 26 அன்று நீதிபதிகள் சஞ்சீவ் கன்னாவும் தீபாங்கர் தத்தாவும் வழங்கிய தீர்ப்பில், அதுவரை 41,629 இயந்திரங்களின் நான்கு கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகள் ஒப்பிடப்பட்டும் ஒருவருக்கு விழுந்த வாக்கு இன்னொருவருக்கு மாறிய நிகழ்வு எதுவும் இல்லை என்ற ஆணையத்தின் தகவல் பதிவாகியிருக்கிறது. 2019-இல் ஆந்திரத்தின் மைதுகூரில் ஒரு சாவடியில் வந்த வேறுபாட்டுக்கு, வாக்குப்பதிவு தொடங்கும் முன் சோதனைக்காக நடத்தும் மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகளை அழிக்காமல் விட்டதே காரணம். இது நல்ல சான்று. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எல்லாச் சீட்டுகளையும் எண்ணுவதால் நேரமும் மனிதப் பிழையும் கூடும் என்று அத்தீர்ப்பு கூறியதிலும் நியாயம் உண்டு. கையால் எண்ணுபவருக்கு நள்ளிரவுக்குமேல் கண் மங்கும் என்பதை வாக்குச்சீட்டுக் காலத்தில் எண்ணியவர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆனால் ஐந்து, அல்லது எல்லாம் என்ற இரண்டு வழிகள் மட்டும்தான் இருக்கின்றனவா? வித்தியாசம் குறையக் குறைய எண்ண வேண்டிய சாவடிகள் கூட வேண்டும். எண்ணியதில் காரணம் விளங்காத வேறுபாடு ஒன்று வந்தாலும் எண்ணிக்கை தானாக விரிய வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ போன்ற மாநிலங்கள் இதைத்தான் செய்கின்றன. 2020 அதிபர் தேர்தலில் வித்தியாசம் மிகக் குறைவாக இருந்த ஜார்ஜியா மாநிலத்தில் சுமார் 50 லட்சம் வாக்குகளையும் கையால் எண்ணிப் பார்த்தார்கள். வெற்றி பெற்றவர் மாறவில்லை. சில மாவட்டங்களில் எண்ணாமல் விடுபட்டிருந்த வாக்குகள் மட்டும் வெளிவந்தன. நம் நாட்டில் பெரும்பாலான தொகுதிகளில் வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருப்பதால் இந்த முறையால் வேலை பெரிதாகக் கூடப்போவதுமில்லை. இப்போதுள்ள முறையில், ஐந்தில் ஒன்றில் வேறுபாடு வந்தால் அந்த ஒரு சாவடியின் கணக்கு மட்டும் திருத்தப்படும். மற்றவற்றையும் எண்ணியாக வேண்டும் என்ற கட்டாயம் விதியில் இல்லை. சோறு வெந்ததா என்று பார்க்க எடுத்த பருக்கை வேகவில்லை என்றால், அந்தப் பருக்கையை மட்டும் எடுத்துப்போட்டுவிட்டுப் பரிமாறுவதற்கு ஒப்பான செயல் அது.

கேள்வி: தோற்ற வேட்பாளர் இயந்திரத்தைத் திறந்து பார்க்கக் கேட்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– சிறுவணிகர், வேலூர்

பதில்: உண்மை. நான் மேலே சொன்ன 2024 தீர்ப்பு தந்த வழி அது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வந்த ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் நூற்றுக்கு ஐந்து இயந்திரங்களின் நினைவகச் சில்லைத் தயாரிப்பு நிறுவனங்களின் பொறியாளர்கள் சோதிப்பார்கள். செலவு கேட்பவருடையது, முறைகேடு நிரூபணமானால் பணம் திரும்பக் கிடைக்கும். 2024-இல் ஒரு தொகுப்புக்கு வரியோடு 47,200 ரூபாய் என்று ஆணையம் நிர்ணயித்தது. உங்கள் வேலூரிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் அப்போது விண்ணப்பங்கள் சென்றன. சோதனை என்ற பெயரில் பழைய பதிவுகளை அழித்துவிட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துவது சோதனையாகுமா என்ற கேள்வி எழுந்து, பதிவுகளை அழிக்க வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. சின்னங்களை ஏற்றப் பயன்படும் கருவியையும் முத்திரையிட்டு 45 நாட்கள் காக்க வேண்டும் என்ற உத்தரவும் அதே 2024 தீர்ப்பில் உண்டு. தயாரித்தவரே சோதிப்பவராகவும் இருப்பதுதான் இதில் எனக்கு உறுத்தல். திண்டுக்கல் வாசகரின் ஐயம் இந்த இடத்துக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது.

கேள்வி: ஜெர்மனி கைவிட்டுவிட்டது, நாம் மட்டும் ஏன் விடாப்பிடியாக இருக்கிறோம்?
– பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மின்னணு இயந்திரமே கூடாது என்று அது சொல்லவில்லை. தேர்தலின் முக்கியமான படிகளையும் முடிவையும், தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் நம்பகமாகச் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. அங்கே 2005 தேர்தலில் பயன்பட்ட இயந்திரங்களில் தாள் இல்லை. அதனால் அந்த அளவுகோலில் அவை தேறவில்லை. முறைகேட்டுக்கு ஆதாரம் இல்லாததால் அந்தத் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்யவுமில்லை. நம்மிடம் தாள் இருக்கிறது, எண்ணுவதுதான் குறைவு. எனவே ஜெர்மனியின் தீர்ப்பு நமக்குச் சொல்வது இயந்திரத்தைத் தூக்கி எறி என்பதாக எனக்குத் தோன்றவில்லை. இருக்கும் தாளைச் சரியாகப் பயன்படுத்து என்பதாகவே தோன்றுகிறது. பழைய வாக்குச்சீட்டு முறையில் சாவடிக்குள் புகுந்து கட்டுக்கட்டாக முத்திரை குத்தியதைப் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தக் காலத்துக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: வரும் தேர்தலில் வாக்குச்சாவடி முகவராக முதன்முறை அமரப்போகிறேன். தொழில்நுட்பம் தெரியாது. நான் எதைப் பார்த்தால் பயன் உண்டு?
– விவசாயி, சங்கரன்கோவில்

பதில்: ஆசிரியராக இருந்த காலத்தில் பல தேர்தல்களில் சாவடித் தலைமை அலுவலராகப் பணிபுரிந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நேரத்துக்கு வந்து சேருங்கள். வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கே தொடங்கும். தூக்கக் கலக்கத்தில் பலர் ஆறரைக்குத்தான் வருவார்கள். பார்க்க வேண்டியதில் பாதி அதற்குள் முடிந்திருக்கும்.

குறைந்தது 50 வாக்குகள், நோட்டா உட்பட எல்லாச் சின்னங்களுக்கும் அழுத்தப்பட வேண்டும். யார் எதற்கு அழுத்தினார்கள் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும், வாக்குகளைச் சேமித்து வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் முடிவைப் பார்த்து, ஒப்புகைச் சீட்டுகளோடும் உங்கள் குறிப்போடும் ஒப்பிடுங்கள். அதன்பிறகு அந்த வாக்குகளை அழிக்க வேண்டும். திரையில் மொத்தம் பூஜ்யம் என்று வருவதை உங்கள் கண்ணால் பாருங்கள். சீட்டுப் பெட்டியைத் திறந்து மாதிரிச் சீட்டுகளை ஒன்றுவிடாமல் வெளியே எடுத்து, பின்புறம் முத்திரை குத்தி, கறுப்பு உறைக்குள் இட்டு மூடுவார்கள். காலிப் பெட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். நான் எப்போதும் முகவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். மைதுகூரில் நடந்ததைப் போன்றவற்றுக்கு இந்தக் கட்டத்தில் காட்டும் அவசரமே காரணம்.

கட்டுப்பாட்டுக் கருவியின் எண்ணையும், பச்சை நிறத் தாள் முத்திரையின் எண்ணையும் எழுதிக்கொண்டு, முத்திரையில் கையெழுத்திடுங்கள். எண்ணும் நாளில் மேசைக்கு வரும் இயந்திரத்தில் அதே எண்களும் அதே கையெழுத்தும் இருக்க வேண்டும்.

மாலையில் எவ்வளவு களைப்பாக இருந்தாலும், 17சி படிவத்தின் நகலை வாங்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். மொத்தம் பதிவான வாக்குகள் அதில் இருக்கும். அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. ஹரியானா மாநிலம் பானிபட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 2022-இல் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலில், ஒரு சாவடியில் இரு வேட்பாளர்களின் வாக்குகளை இடம் மாற்றி எழுதிவிட்டதாக எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஆகஸ்டில் நீதிமன்ற வளாகத்திலேயே இயந்திரங்களைக் கொண்டுவந்து எண்ணியபோது, தோற்றவர் என்று அறிவிக்கப்பட்டவரே 51 வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தது தெரிந்தது. இயந்திரத்தின் கணக்கு சரியாகவே இருந்தது. பிழை தாளில் எழுதிய கையில் இருந்தது. ஆகவே 17சி நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எண்ணும் நாளில் உங்கள் கட்சியின் எண்ணிக்கை முகவரிடம் நீங்களே நேரில் ஒப்படையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியதோடு விட்டுவிட வேண்டாம். மேசைக்கு மேசை நகரும் அவசரத்தில், கையில் தாள் வைத்திருப்பவர்தான் எண்ணைச் சரிபார்த்துக் கேள்வி கேட்கிறார்.